புகையானை ஜாம்பி ஆக்கத் தேவையில்லை

பூஞ்சை பிடித்த எறும்பு ஒன்று செடியில் ஏறி, இலை நரம்பைக் கவ்விக்கொண்டே செத்துப்போகும். பிறகு அதன் பிடரியிலிருந்து குச்சி மாதிரி ஒன்று முளைக்கும். அந்த வீடியோவைப் பாக்காதவங்க இப்போ குறைவு. ‘ஜாம்பி எறும்பு’ன்னு பேரும் வெச்சாச்சு. நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து வரப்பில் ஓடுற கட்டெறும்புக்கும் இந்தக் கதி வருமா?

அந்தப் பூஞ்சையின் பெயர் ஓஃபியோகார்டிசெப்ஸ். அதுக்கு ஈரம் காயாத காடு வேணும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் டெல்டா வயல் ஒத்துவராது. ஆனா அதோட பங்காளிகள் ரெண்டு பேரை இங்கே விவசாயிகளுக்கு நல்லாத் தெரியும்: மெட்டாரைசியம், பெவேரியா. மண்ணில் வாழ்பவை, உரக்கடையில் பாக்கெட்டிலும் கிடைப்பவை. மூன்றும் வகைப்பாட்டில் ஹைப்போகிரியேல்ஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

மூன்றும் கொல்லும் முறையும் ஏறக்குறைய ஒண்ணுதான். பூச்சி எதையும் தின்ன வேண்டாம். வித்து உடம்பில் ஒட்டினால் போதும். ஈரம் கிடைத்தால் வித்து முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, துளைத்துக்கொண்டு உள்ளே போகும். உள்ளே பெருகிப் பூச்சியைக் கொன்ற பிறகு, மறுபடி வெளியே வந்து பிணத்தின் மேல் வித்து கட்டும். பெவேரியா என்றால் வெள்ளை மாவு பூசின மாதிரி இருக்கும். மெட்டாரைசியம் என்றால் பச்சை. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அந்த வித்து அடுத்த பூச்சிமேல் விழுந்தால்தான் பூஞ்சையின் வம்சம் தழைக்கும்.

எறும்புப் புற்று இதுக்கு ரொம்பத் தோதான இடம்னு தோணும். இருட்டு, ஈரம், ஆயிரக்கணக்கில் நெருக்கம். ஆனா உள்ளே நடப்பது வேறு. எறும்புகள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். லேசியஸ் நெக்லெக்டஸ் என்ற எறும்பில் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. மெட்டாரைசியம் பட்ட எறும்பை நக்கிவிட்ட கூட்டாளிகளுக்கும் துளியளவு தொற்று ஏறி, அதுவே தடுப்பூசி போல வேலை செய்ததாம். அதே எறும்பு, தொற்றிய கூட்டுப்புழுவை உறை கிழித்து வெளியே எடுத்து, கடித்து, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சி, பூஞ்சை வித்து கட்டும் முன்பே தீர்த்துவிடுகிறது என்று 2018-ல் காட்டினார்கள். வேறு சில இனங்களில், சாகப்போகும் எறும்பு தானே புற்றைவிட்டு வெளியேறித் தனியாகச் சாகிறது.

ஆக, எறும்பைப் புற்றுக்குள்ளேயே கொன்றால் பூஞ்சைக்கு லாபமில்லை. ஓஃபியோகார்டிசெப்ஸ் போடும் நாடகமெல்லாம் இதுக்குத்தான். தாய்லாந்துக் காட்டில் நடந்த, 2009-ல் வெளியான ஆய்வில், செத்த எறும்புகள் தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இலையின் அடிப்பக்கத்தைக் கவ்வியிருந்தன. அவற்றை உச்சிக் கிளைக்கோ தரைக்கோ மாற்றி வைத்துப் பார்த்தபோது பூஞ்சை சரியாக வளரவில்லை. எறும்பை ஓட்டுவது பூஞ்சை; போய்ச் சேர வேண்டிய இடம் நிழலும் ஈரமும் உள்ள அந்த மட்டம். இத்தனைக்கும் பூஞ்சை மூளைக்குள் நுழைவதில்லை, தசைகளைச் சுற்றித்தான் வலை பின்னுகிறது என்பது 2017-ல் தெரிந்தது.

இப்ப நெல் வயலுக்கு வருவோம். புகையான் தண்டின் அடியில், தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டங்கூட்டமா உட்கார்ந்து சாறு உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். அதுக்குப் புற்று கிடையாது, நக்கிவிட ஆள் கிடையாது, பிணத்தைத் தூக்கிப் போடவும் ஆள் கிடையாது. சம்பா, தாளடியில் ஐப்பசி கார்த்திகை அடைமழை பெய்யும்போது, நெருக்கி நட்ட பயிரின் தூரில் நிழல், ஈரம், கூட்டம் மூணும் சேர்ந்திருக்கும். காட்டில் பூஞ்சை எறும்பை இழுத்துப்போய்ச் சேர்க்கும் மாதிரியான இடத்தில், புகையான் தானாவே வந்து உக்காந்திருக்கு!

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னையிலும் இதே கணக்குதான். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைவதுதான் நம்ம கண்ணில் படும். அதன் புழுக்கள் வளர்வது எருக்குழியிலும் மக்கிய தென்னை மரத்திலும். 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயல் அந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. சாய்ந்த மரத்தை அகற்றாமல் மக்கவிட்டால் அதுவே வண்டுக்குப் பிரசவ அறை. அதனால்தான் மெட்டாரைசியத்தை மரத்து உச்சிக்குக் கொண்டுபோகாமல் எருக்குழியில் கலக்கச் சொல்றாங்க. இருட்டும் ஈரமும் அங்கேதான், புழுவும் அங்கேதான்.

‘பெவேரியா அடிச்சேன், மருந்து கேக்கல’ன்னு பலர் அலுத்துக்கறாங்க. பாக்கெட்டில் இருப்பது மருந்து இல்லை, உயிர். உச்சி வெயிலில் அடித்தால் புற ஊதாக் கதிரும் காய்ச்சலும் வித்தைச் சாகடிக்கும். குலைநோய்க்கு வாங்கின கார்பென்டசிமைக் கூடவே கலந்தால், பூஞ்சையைக் கொல்லும் மருந்து இந்தப் பூஞ்சையையும் கொல்லும். இலை நுனியை நனைத்துவிட்டு வந்தால் தூரில் இருக்கும் புகையானுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் பூச்சி சாகச் சில நாளாகும். வயல் புகைய ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் அடிக்கிற சரக்கு இல்லை இது.

அடுத்த முறை கேக்கலைன்னு தோணினா, எந்த நேரத்துல அடிச்சோம், பயிரோட எந்த இடத்துல அடிச்சோம், கூட என்ன கலந்தோம், இந்த மூணை மட்டும் முதல்ல பாருங்க.