நிதாரி கொலைகள்: கொன்றது யார் என்ற கேள்விக்கு விடை எங்கே?

புதுதில்லி: கிரேட்டர் நொய்டாவில் உள்ள லுக்சர் சிறையிலிருந்து 2025 நவம்பர் 12-ஆம் தேதி ஒருவர் விடுதலையாகி வெளியே வந்தார். "நரமாமிசம் தின்பவன்" என்று ஏறத்தாழ 19 ஆண்டுகள் நாடே வசைபாடிய நபர் அவர். அதற்கு முந்தைய நாள், அவர் மீது எஞ்சியிருந்த ஒரே வழக்கிலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவருடைய முன்னாள் முதலாளியான வீட்டு உரிமையாளர் 2023 அக்டோபரிலேயே விடுதலையாகிவிட்டார்.

ஆக, குழந்தைகளும் பெண்களுமாகப் பலர் கொல்லப்பட்ட நிதாரி வழக்கில், சட்டத்தின் பார்வையில் இன்று குற்றவாளி என்று எவரும் இல்லை. நீதிமன்றம் விடுவித்துவிட்ட இருவரின் பெயர்களையும் இங்கு மீண்டும் எழுத வேண்டிய தேவை இல்லை. ஆனால், இந்த வழக்கை நாடு பேசிய விதத்தையும், அந்தப் பேச்சு விசாரணைக்கு என்ன செய்தது என்பதையும் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது.

புகாரை வாங்காத காவல் நிலையம்

நாடாளுமன்ற வளாகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக் கூடிய இடம்தான் நிதாரி. யமுனையைத் தாண்டினால் உத்தரப் பிரதேச மாநிலத்தின் நொய்டா நகரம். அங்கு 31-ஆவது செக்டரின் பெரிய வீடுகளை ஒட்டினாற்போல் இருக்கிறது இந்தக் கிராமம். பிகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள், ரிக்ஷா ஓட்டுநர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோர் நெருக்கியடித்து வாழும் பகுதி அது.

இங்கு 2005, 2006-ஆம் ஆண்டுகளில் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போயினர். பெற்றோர் காவல் நிலையத்துக்கு அலைந்தனர். பிள்ளைகள் வீட்டைவிட்டு ஓடிப் போயிருப்பார்கள், வளர்ந்த பெண்கள் யாருடனாவது சென்றிருப்பார்கள் என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்டதாக அவர்கள் பின்னாளில் கூறினர். கடைசியில், 2006 டிசம்பர் 29-ஆம் தேதி, டி-5 என்ற எண் கொண்ட வீட்டின் பின்புறமுள்ள சாக்கடையை ஒட்டிய இடத்தில் மண்டை ஓடுகளும் எலும்புகளும் கிடைத்தன. காணாமல் போனவர்களை இரண்டு ஆண்டுகளாகத் தேடாத காவல் துறை, அதன் பிறகுதான் விழித்துக் கொண்டது.

காவல் துறையின் அலட்சியம் பற்றி மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அமைத்த குழு கடுமையான குறைகளைச் சுட்டிக்காட்டியது. உயர் அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். காவலர்கள் சிலர் பணியையே இழந்தனர். உத்தரப் பிரதேச சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது. அரசியல் தலைவர்கள் நிதாரிக்குப் படையெடுத்தனர். 2007 ஜனவரியில் விசாரணை சிபிஐ வசம் ஒப்படைக்கப்பட்டது.

கேமராக்களின் தீர்ப்பு

நிதாரி விவகாரம் வெளிவந்த நேரத்தை நினைவில் கொள்ள வேண்டும். அதற்குப் பதினோரு நாள்களுக்கு முன்பு, 2006 டிசம்பர் 18-இல்தான், ஜெசிகா லால் கொலை வழக்கில் கீழ் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட முக்கிய எதிரியைத் தில்லி உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று அறிவித்தது. செல்வாக்குள்ள ஒருவர் தப்பிவிடாமல் தடுத்ததில் ஊடகங்களின் இடைவிடாத பிரசாரத்துக்குப் பங்கு உண்டு என்று அனைவரும் பாராட்டினர். அந்தப் பெருமிதம் அடங்கும் முன்பே தொலைக்காட்சி வாகனங்கள் நிதாரியை முற்றுகையிட்டன.

24 மணி நேரச் செய்தி அலைவரிசைகளுக்கிடையே போட்டி உச்சத்தில் இருந்த காலம். "பயங்கர வீடு" என்று அந்த வீட்டுக்குப் பெயர் சூட்டப்பட்டது. விசாரணை அதிகாரிகள் காதில் போட்டதெல்லாம் முக்கியச் செய்தியாயின. நரமாமிசம், மனநோய், மாந்திரீகம் என்று நாளொரு கதை வந்தது. "ஒப்புக்கொண்டார்" என்ற சொல் திரையில் ஓயாமல் ஓடியது. காவல் துறையிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பது அன்றைய சாட்சியச் சட்டத்தின் அடிப்படை விதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டமும் அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. நீதிபதி படிக்கக் கூடாது என்று சட்டம் ஒதுக்கிவைத்த ஒன்றை, நாடு முழுவதும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தது.

கைதான இருவரும் காந்திநகர் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு நார்கோ சோதனைக்காகக் கொண்டு செல்லப்பட்டனர். அதுவும் பல நாள்கள் தலைப்புச் செய்தியாக இருந்தது. விருப்பத்துக்கு மாறாக இத்தகைய சோதனை நடத்துவது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் அறிவித்தது. 2007 ஜனவரி 25-இல் காஜியாபாத் நீதிமன்ற வளாகத்தில் இருவரும் தாக்கப்பட்டபோது, தாக்கிய கும்பலில் வழக்குரைஞர்களும் இருந்தனர். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டிய துறையினரே கை ஓங்கும் அளவுக்குப் பொதுக் கருத்து உருவாகியிருந்தது.

பொதுவெளியில் அப்போது ஒரு விவாதமும் நடந்தது. பணக்கார முதலாளியைக் காப்பாற்ற ஏழைப் பணியாளைப் பலிகொடுக்கிறார்கள் என்றனர் ஒரு சாரார். முதல் வழக்கின் குற்றப்பத்திரிகையில் கொலைக் குற்றத்துக்கு வீட்டு உரிமையாளரை சிபிஐ பொறுப்பாக்காதபோது அந்தச் சந்தேகம் வலுத்தது. நீதிமன்றமே தலையிட்டு அவரையும் விசாரணைக்கு உட்படுத்தியது. இருவரையும் உடனே தூக்கிலிட வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இந்த இருவரில் எவருமே கொலையாளியாக இல்லாமல் இருக்கக்கூடும் என்ற மூன்றாவது வாய்ப்பு எந்த விவாத மேடையிலும் இடம்பெறவில்லை.

வாக்குமூலத்தின் கதை

வழக்கு முழுவதும் தொங்கிக் கொண்டிருந்தது ஒரே ஒரு ஆவணத்தில்தான். 2007 மார்ச் 1-ஆம் தேதி தில்லியில் குற்றவியல் நடுவர் முன்பு பணியாள் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் அது. அதை அளிப்பதற்கு முன் அவர் சுமார் 60 நாள்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தார். பயனுள்ள சட்ட உதவி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. உரிய மருத்துவப் பரிசோதனையும் நடக்கவில்லை. தன்னைத் துன்புறுத்தியதாகவும் சொல்லிக் கொடுத்ததாகவும் அந்த வாக்குமூலத்திலேயே அவர் கூறியிருந்தார்.

ஆயினும், 2009 பிப்ரவரியில் காஜியாபாத் சிறப்பு நீதிமன்றம் முதல் வழக்கில் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் வீட்டு உரிமையாளரை அவ்வழக்கிலிருந்து விடுவித்து, பணியாளின் தண்டனையை உறுதி செய்தது. 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2014 ஜூலையில் கருணை மனு நிராகரிக்கப்பட்டது. தூக்குமேடைக்காக அவர் மீரட் சிறைக்கு மாற்றப்பட்ட நிலையில், செப்டம்பர் 8-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தடை உத்தரவு பிறப்பித்தனர். சீராய்வு மனு அக்டோபரில் தள்ளுபடியானது. கருணை மனுவை முடிவு செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி, 2015 ஜனவரியில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்த நள்ளிரவு உத்தரவு சில நாள்கள் தவறியிருந்தால், 2025-ஆம் ஆண்டின் தீர்ப்பைக் கேட்க அவர் உயிருடன் இருந்திருக்க மாட்டார்.

சிபிஐ பதிவு செய்த 19 வழக்குகளில் 16-இல் மட்டுமே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவற்றில் 13-இல் பணியாளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2023 அக்டோபர் 16-இல் அலாகாபாத் உயர் நீதிமன்றம் அவற்றில் 12 வழக்குகளிலிருந்து அவரையும், 2 வழக்குகளிலிருந்து வீட்டு உரிமையாளரையும் விடுவித்தது. விசாரணை அலங்கோலமாக நடத்தப்பட்டது என்று கண்டித்த நீதிபதிகள், மத்திய அமைச்சகக் குழு பரிந்துரைத்தும் உடல் உறுப்பு வணிகம் என்ற கோணம் முறையாக விசாரிக்கப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டனர். ஓர் ஏழைப் பணியாளைக் கொடூரனாகக் காட்டுவது விசாரணை அமைப்புக்கு எளிதாக இருந்தது என்றும் கருதினர்.

இந்த விடுதலைக்கு எதிரான மேல்முறையீடுகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே வாக்குமூலம், அதே எலும்புகள் ஆகியவற்றின் அடிப்படையில் 12 வழக்குகளில் நிரபராதியான ஒருவர், 13-ஆவது வழக்கில் மட்டும் குற்றவாளியாக இருக்க முடியுமா? சட்டத்தில் எஞ்சியிருந்த கடைசி வழியான குறைதீர் மனுவில் இந்தக் கேள்விதான் எழுந்தது. முடியாது என்று நவம்பர் 11-இல் நீதிமன்றம் விடை கூறியது. எலும்புகள் கிடந்த இடம், எதிரி அடையாளம் காட்டியதாகச் சொல்லப்படுவதற்கு முன்பே மக்களுக்கும் காவல் துறைக்கும் தெரிந்திருந்தது. மரபணுச் சோதனை, இறந்தவர்கள் யார் என்பதைக் காட்டியதே தவிர, கொன்றது யார் என்பதைக் காட்டவில்லை. இத்தனை நீண்ட விசாரணைக்குப் பிறகும் உண்மைக் குற்றவாளி அடையாளம் காணப்படாதது குறித்து நீதிபதிகள் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தனர்.

கிடப்பில் கிடக்கும் பரிந்துரை

நிதாரிக்கு நான்கு மாதங்கள் முன்பு, 2006 ஆகஸ்டில், சட்ட ஆணையம் தனது 200-ஆவது அறிக்கையை மத்திய அரசிடம் அளித்தது. ஊடகங்கள் நடத்தும் விசாரணை பற்றியதே அந்த அறிக்கை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகோ நீதிமன்றம் அழைப்பாணையோ பிடியாணையோ பிறப்பித்த பிறகோதான் ஒரு குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதாகக் கருதப்படும். கைது நடந்து, பரபரப்பு உச்சத்தில் இருக்கும் தொடக்க நாள்களில் எதை வெளியிட்டாலும் அச்சட்டம் பெரும்பாலும் தீண்டாது. கைது செய்யப்பட்ட நேரத்திலிருந்தே அந்தப் பாதுகாப்பு தொடங்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின. நாடாளுமன்றத்துக்கே புதிய கட்டடம் வந்துவிட்டது. பரிந்துரை சட்டமாகவில்லை.

சட்டம் கடுமையானால் பத்திரிகைச் சுதந்திரம் பாதிக்கப்படும் என்ற அச்சம் நியாயமானதே. செய்தியாளர்கள் வராமல் இருந்திருந்தால் நிதாரிப் பெற்றோரின் குரல் தில்லிக்கு எட்டியிருக்காது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், அலைவரிசைகளின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு விதிக்கக் கூடிய அதிகபட்ச அபராதம் ரூ.1 லட்சம் மட்டுமே என்பதைக் கேட்ட உச்ச நீதிமன்றம், அதன் பயன் குறித்து 2023-இல் கேள்வி எழுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், காவல் துறையினர் செய்தியாளர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு விரிவான நெறிமுறைகளை வகுக்குமாறு உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நோயின் வேர் இரண்டு இடங்களிலும் இருக்கிறது. ரகசியமாகக் கசியவிடும் அதிகாரி இல்லாவிட்டால், அதை ஒளிபரப்பும் அலைவரிசையும் இருக்காது.

திரைப்படத் துறையும் இதற்கு விலக்கல்ல. 12 வழக்குகளிலிருந்து பணியாள் விடுதலையாகி ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில், நிதாரிச் சம்பவங்களைத் தழுவிய "செக்டர் 36" என்ற ஹிந்திப் படம் இணையத் திரையில் வெளியானது. அதில் கொலையாளி, வீட்டுப் பணியாள்தான். நீதிமன்றம் நம்ப மறுத்த கதை, மக்களின் நினைவில் மீண்டும் ஒருமுறை பதிந்தது.

மிஞ்சியது என்ன?

நிதாரியால் விளைந்த நன்மைகள் சில உண்டு. காணாமல் போகும் குழந்தைகள் பற்றி ஆராயத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2007-இல் குழு அமைத்தது. காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தந்தை தொடர்ந்த லலிதா குமாரி வழக்கில், கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2005-இல் இவை நடைமுறையில் இருந்திருந்தால், காணாமல் போன முதல் குழந்தைக்குப் பிறகாவது தேடல் தொடங்கியிருக்கும்.

இந்த உத்தரவுகள் எல்லாக் காவல் நிலையங்களிலும் பின்பற்றப்படுகின்றனவா என்று கேட்பதற்குத் தொலைக்காட்சி வாகனம் எதுவும் செல்வதில்லை. 2007-இல் நாடு கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். புகாரை வாங்காத அதிகாரியைப் பற்றிய பேச்சு ஒரு வாரத்தில் அடங்கி, நரமாமிசக் கதை மட்டும் பல ஆண்டுகள் ஓடியது. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று எல்லோரும் நம்பிய பிறகு, வேறு கோணங்களைத் தேடும் கட்டாயம் விசாரணை அமைப்புக்கு இல்லாமல் போயிற்று. ஆதாரங்களைச் சேகரிக்க வேண்டிய காலமும் அத்துடன் கடந்துவிட்டது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பல நிதாரியை விட்டு எப்போதோ சென்றுவிட்டன. எங்கள் பிள்ளைகளை இவர்கள் கொல்லவில்லை என்றால் வேறு யார் கொன்றது என்று, எஞ்சியிருக்கும் பெற்றோர் கேட்கிறார்கள். சிபிஐயிடம் இதற்குப் பதில் இல்லை. அடுத்த நிதாரியில் இதே கேள்வி எழாமல் இருக்க வேண்டுமானால், 2006 ஆகஸ்டிலிருந்து காத்திருக்கும் அந்த அறிக்கையை நாடாளுமன்றம் ஒருமுறையாவது எடுத்து விவாதிக்க வேண்டும்.