கணிப்பொறிக்கு உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்வதைப் போல, நமது வேலைக்கு ஏற்ற கணிப்பொறி ஒன்றை உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டிக்கொள்ள இயலும். இந்த வசதிக்கு வித்திட்ட ஆண்டு 1981 எனலாம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில், கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்கென ஐந்து இடங்கள் விடப்பட்டிருந்தன. அதன் மின்சுற்றுப் படங்களையும் நிறுவனமே நூலாக வெளியிட்டது. எனவே, அதற்குப் பொருந்தும் உறுப்புகளைப் பிற நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. பின்னர் 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, பலகை, பெட்டி, மின்வழங்கி ஆகியவற்றின் அளவுகளை ஒழுங்குபடுத்தியது. இன்று ஒரு நிறுவனத்தின் பலகையை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் தடையின்றித் திருகி மாட்டலாம்.

திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைக்க எண்ணும் இளைஞர் ஒருவர், ஓய்வு நேரத்தில் அதே பொறியில் விளையாடவும் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது வீட்டின் பல மாதச் சேமிப்பு. அதில் எந்த உறுப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது? தவறாக ஒதுக்கினால், விலையுயர்ந்த உறுப்பு ஒன்று சும்மா இருக்க, மலிவான உறுப்பு ஒன்று திணறிக்கொண்டிருக்கும். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வயலில் பாயும் நீரின் அளவை முடிவு செய்வது மடையின் வாய்தான். கணிப்பொறியிலும் அவ்வாறே. குறுகிய மடை எது என்பதை எளிய கணக்குகளால் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு வேலை, இரண்டு கணக்கு

முதலில் வீடியோத் தொகுப்பைப் பார்ப்போம். 4கே எனப்படும் படத்தில் கிடையாக 3840, செங்குத்தாக 2160, ஆக ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் தேவை எனக் கொண்டால், ஒரு பிரேமுக்கு 24.9 மெகாபைட் ஆகிறது. வினாடிக்கு 25 பிரேம்கள் என்றால் 622 மெகாபைட்; ஒரு மணி நேரத்திற்கு 2,240 ஜிகாபைட்! இதை அப்படியே பதிவு செய்வது கட்டுப்படியாகாது. எனவே கேமராக்கள் படத்தைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் கேமராவில் அதே ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காக எவ்வாறு சுருங்குகிறது? 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய முறைகளில், சில பிரேம்கள் மட்டுமே முழுமையாகப் பதியப்படுகின்றன. மற்றவற்றில் அருகிலுள்ள பிரேம்களிலிருந்து மாறிய பகுதி மட்டும் குறிக்கப்படுகிறது. இதனால் இடம் மிச்சம்; ஆனால் வேலை கூடுதல். நடுவிலுள்ள ஒரு பிரேமைத் திரையில் காட்ட வேண்டுமானால், அதற்கு முந்தைய முழுப் பிரேமிலிருந்து தொடங்கி வரிசையாக விரித்து வரவேண்டும். தொகுப்பவர் வீடியோவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது பொறி தடுமாறுவது இதனால்தான்.

விளையாட்டின் கணக்கு வேறு. அங்கே முன்பே பதிவான படம் ஏதுமில்லை. ஆடுபவர் விசையை அழுத்தியதற்கேற்ப ஒவ்வொரு பிரேமும் புதிதாக வரையப்பட வேண்டும். வினாடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமானால் ஒன்றை வரையக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. 144 பிரேம்கள் வேண்டுமானால் வெறும் 6.9 மில்லி வினாடி. தொகுத்து முடித்த வீடியோவைக் கோப்பாக மாற்றுவது பத்து நிமிடம் தாமதமானால் தேநீர் அருந்திவிட்டு வரலாம். விளையாட்டில் பத்து மில்லி வினாடித் தாமதமே ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

பிராசஸர்: எத்தனை கோர்கள் போதும்?

இன்றைய பிராசஸர் ஒவ்வொன்றும் பல கோர்களைக் கொண்டது. கோர் என்பது தனித்து வேலை செய்யக்கூடிய ஒரு கணக்குப்பிள்ளை எனலாம். கோர்களை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகுமா? ஆகாது என்பதை ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1967இலேயே எடுத்துக்காட்டினார். ஒரு வேலையில் 80 சதவிகிதத்தைப் பங்கிட்டுச் செய்யலாம், 20 சதவிகிதத்தை ஒருவரே வரிசையாகச் செய்தாக வேண்டும் எனக் கொள்வோம். நான்கு கோர்களால் வேகம் 2.5 மடங்காகும், பதினாறு கோர்களால் 4 மடங்கு மட்டுமே. எண்ணற்ற கோர்களை வைத்தாலும் 5 மடங்கைத் தாண்ட முடியாது!

வீடியோவைக் கோப்பாக மாற்றும் வேலையில் பங்கிடக்கூடிய பகுதி மிகுதி, விளையாட்டில் குறைவு. எனவே இரண்டுக்கும் பயன்படும் பொறியில், ஒவ்வொரு கோரும் விரைவாக இயங்கும் எட்டுக் கோர் பிராசஸர் நல்ல நடுவழி. விளையாட்டு மட்டும் போதும் என்பவருக்கு ஆறு கோர்கள் பெரும்பாலும் போதும்.

கிராபிக்ஸ் கார்டு

விளையாட்டில் பிராசஸர் ஒவ்வொரு பிரேமிலும் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கிட்டுத் தர, கிராபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. பிராசஸருக்கு 12 மில்லி வினாடியும் கார்டுக்கு 8 மில்லி வினாடியும் ஆகின்றன என்போம். இரண்டும் அடுத்தடுத்த பிரேம்களில் ஒரே சமயத்தில் வேலை செய்வதால், வேகத்தை முடிவு செய்வது 12 மில்லி வினாடிதான். அதாவது வினாடிக்கு 83 பிரேம்கள். இரு மடங்கு வேகமுள்ள கார்டை வாங்கிப் பூட்டினாலும் அதே 83தான்.

மடை எது என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளையாட்டில் படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். பிரேம்களின் எண்ணிக்கை கூடினால் கார்டே மடை. கூடாவிட்டால் பிராசஸர் மடை. புதிய கார்டுக்குப் பணம் கட்டுமுன் இச்சோதனையைச் செய்வது நலம்.

பெயரில் உள்ள எண் பெரிதானால் எல்லாமே பெரிதாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். என்விடியா நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் 12 ஜிகாபைட் வகையில் நினைவகத்தின் வேகம் வினாடிக்கு 360 ஜிகாபைட். 2023இல் வந்த 4060 கார்டில் நினைவகம் 8 ஜிகாபைட். வேகம் 272 ஜிகாபைட். புதியது 170 வாட்டுக்குப் பதிலாக 115 வாட்டில் இயங்குகிறது. பல விளையாட்டுகளில் முந்தவும் செய்கிறது. ஆனால் பெரிய பிரேம்கள் பலவற்றை ஒரே சமயத்தில் நினைவில் வைக்க வேண்டிய தொகுப்பாளருக்கு அந்த 4 ஜிகாபைட் இழப்பு உறைக்கும்.

தொகுப்பாளர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. சுருக்கிய வீடியோவை விரிப்பதற்கென்றே சில்லுகளில் தனிச் சுற்று உண்டு. நமது கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் காணும் அளவுக்கு நிறத்தின் நுட்பத்தைக் காண்பதில்லை. ஆகவே பல கேமராக்கள் நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்துப் பதிகின்றன. உயர்வகைக் கேமராக்கள் 4:2:2 என்ற முறையில் பாதியாக மட்டும் குறைக்கின்றன. இந்த 4:2:2 வகை எச்.265 வீடியோவை விரிக்கும் சுற்று, என்விடியாவின் கார்டுகளில் 2025இல் வெளியான 50 வரிசையில்தான் இடம்பெற்றது. இன்டெல் பிராசஸர்களில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் பகுதியிலோ 11ஆம் தலைமுறை முதலே அது இருக்கிறது. பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசஸர்களில் அந்தப் பகுதி இயங்காது. சற்று மலிவு என்று எஃப் வகையை வாங்கி, பழைய வரிசைக் கார்டுடன் இணைத்தவர், இத்தகைய வீடியோவைக் கையாளும்போது ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுப்பார். கேமரா எந்த முறையில் பதிகிறது என்பதை முதலில் அறிந்து, பிறகு சில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரேமும் சேமிப்பும்

விரித்த 4கே பிரேம் ஒன்றுக்கு 24.9 மெகாபைட் என்று கண்டோம். பத்து வினாடிக் காட்சியை விரித்து வைத்தாலே 6.2 ஜிகாபைட் ரேம் நிரம்பிவிடும். எனவே தொகுப்பு வேலைக்கு 32 ஜிகாபைட் வேண்டும். அதை ஒரே பட்டையாக வாங்காமல் 16 ஜிகாபைட் பட்டைகள் இரண்டாக வாங்குக. டி.டி.ஆர்.5-5600 வகைப் பட்டை ஒன்று வினாடிக்கு 44.8 ஜிகாபைட் தரும். இரண்டு தடங்களில் இரண்டு பட்டைகள் 89.6 ஜிகாபைட் தரும்.

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் தலைமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். தலைமுனை நகரும் நேரம் தனி. நான்கு கேமராக்களின் வீடியோவை ஒரே சமயத்தில் பார்க்கும்போது, தலைமுனை நான்கு இடங்களுக்கும் தாவித் தாவி ஓய்ந்துவிடும். சுழலும் பகுதி ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்தக் காத்திருப்பு இல்லை.

ஆனால் எஸ்.எஸ்.டி.யிலும் மிக வேகமானதையே வாங்க வேண்டும் என்பதில்லை. நான்கு கேமராக்களுக்கும் சேர்த்துத் தேவை வினாடிக்கு 50 மெகாபைட். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட் தருகிறது, என்.வி.எம்.இ. வகையில் 3,500, 7,000 என்றெல்லாம் உண்டு. 3,500க்கும் 7,000க்கும் உள்ள வேறுபாட்டை இவ்வேலையில் உணர்வது அரிது. நடப்பு வேலைக்கு நடுத்தர எஸ்.எஸ்.டி., முடிந்த வேலைகளைக் காத்து வைக்க ஹார்டு டிஸ்க் என்பதே சிக்கனமான ஏற்பாடு.

மின்சாரமும் வெப்பமும்

கடையில் எவரும் அதிகம் பேசாத உறுப்பு மின்வழங்கி. பெரும்பாலோர் மிச்சம் பிடிப்பதும் அதில்தான். 170 வாட் கார்டு, உச்சத்தில் 90 வாட் இழுக்கும் பிராசஸர், ஏனையவற்றுக்கு 60 வாட் என்றால் கூட்டுத்தொகை 320 வாட். கார்டு நொடிப்பொழுதுக்குத் திடீரெனக் கூடுதலாக இழுக்கும் என்பதால், தரமான 550 வாட் மின்வழங்கி தகும். இதன் திறமையை 80 பிளஸ் என்ற முத்திரை காட்டுகிறது. 90 சதவிகிதத் திறமையுள்ள மின்வழங்கி 320 வாட் தருவதற்குச் சுவரிலிருந்து 356 வாட் எடுக்கும். அதில் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் வரும்.

மின்னோட்டத்தையும் கவனியுங்கள். 12 வோல்ட்டில் 450 வாட் எடுக்கும் கார்டுக்குப் பாயும் மின்னோட்டம் 37.5 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். 2022இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் மின் இணைப்பான்கள் உருகின. முழுவதுமாகச் செருகப்படாத இணைப்புகளைக் காரணமாக நிறுவனம் சுட்டிக்காட்டியது. செருகியை ஒலி கேட்கும்வரை அழுத்துவதும் இயற்பியலே.

சில்லு இழுக்கும் திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. இரண்டையும் 10 சதவிகிதம் உயர்த்தினால் வேகம் 10 சதவிகிதமே கூடும். வெப்பமோ 33 சதவிகிதம் கூடும். அந்த வெப்பத்தை வெளியேற்றும் விரைவு, சில்லுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 95 டிகிரி வரை தாங்கும் சில்லுக்கு 25 டிகிரி அறையில் கிடைக்கும் வேறுபாடு 70. நமது சித்திரை வெயிலில் 40 டிகிரி அறையில் 55 மட்டுமே. அதே விசிறியால் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தை வெளியேற்ற முடியும். குளிர் நாட்டு அறைகளில் எடுத்த அளவுகளை நம்பி விசிறியை வாங்கினால், கோடையில் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியின் முன்புறம் கண்ணாடியாக இருப்பதைவிடக் காற்று புகும் வலையாக இருப்பது மேல்.

மின்வெட்டுக்கு யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்ற எண்ணைப் பார்த்து 600 வாட் என்று கொள்ளக்கூடாது. அத்தகைய பொறிகள் பெரும்பாலும் 360 வாட்டையே தாங்கும். நமது 356 வாட்டுடன் மானிட்டரின் 30 வாட்டைச் சேர்த்தால், மின்சாரம் நின்ற கணமே யு.பி.எஸ்.ஸும் கைவிட்டுவிடும், பாதி முடிந்த திருமண வீடியோவும் அதோடு போகலாம். ஆகவே 1000 வி.ஏ. அளவில் வாங்குவது பாதுகாப்பு.

வாங்குமுன்

இறுதியாகப் பொருத்தம் பார்க்க வேண்டும். பிராசஸரின் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 பலகையில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும், பழைய டி.டி.ஆர்.4 பட்டைகளை அதில் செருக இயலாது. கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்பதை அளவுகோல் கொண்டு பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். அதன் முன் 200 பிரேம்கள் வரையும் கார்டை வைப்பது, அகன்ற வாய்க்காலைக் குறுகிய மடையில் முடிப்பதாகும்.

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். புதுப் பெயர்கள் ஆண்டுதோறும் வரும். மேலே கண்ட கணக்குகளுக்கு வேண்டியவையோ பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. நமது வேலை என்ன, ஒரு வினாடியில் எத்தனை மெகாபைட், எத்தனை மில்லி வினாடி, எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோமானால், சேமிப்பின் ஒவ்வொரு ரூபாயும் மடையை அகலப்படுத்தவே செலவாகும்.