பெல்ட்டில் புது ஓட்டை

நாற்பத்தைந்தைத் தாண்டியவர் டாக்டரிடம் முதலில் சொல்வது, "ஒரே அசதி சார்." மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான், "வீட்லயும் முன்ன மாதிரி இல்ல..." என்று இழுப்பார். டெஸ்டோஸ்டிரோன் சோதனை எழுதப்படும். அளவு குறைந்திருந்தால் மனசு ஊசிக்குத் தாவும்.

கொஞ்சம் பொறுங்கள். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். அதனால் இரண்டு வெவ்வேறு நாள் அதிகாலை ரத்தம் கொடுத்து, இரண்டிலும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால்தான் குறைவு என்கிறது அமெரிக்க சிறுநீர்ப்பாதையியல் சங்கம். ஆபீஸ் முடிந்து போய்க் கொடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கவலைப்படுவது வீண்.

அடுத்து, தையற்காரர் டேப்பை எடுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. தொப்பைக் கொழுப்பில் அரோமட்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுவது அதன் வேலை. அந்தப் பெண் ஹார்மோன் கூடினால், விரைகளுக்கு மூளை அனுப்பும் உத்தரவு மந்தமாகும். சுரப்பு குறையும், தசை கரையும், கொழுப்பு ஏறும். மறுபடி முதலிலிருந்து.

இந்தச் சக்கரம் பின்னோக்கியும் சுற்றும். எட்டு ஐரோப்பிய நகரங்களில் 40 முதல் 79 வயது ஆண்களை நான்கு வருடங்களுக்கு மேல் கவனித்தார்கள். எடையில் 15 சதவீதம் குறைத்தவர்களுக்கு ஹார்மோன் நன்றாகவே ஏறியிருந்தது. 100 கிலோ ஆள் 85-க்கு வரவேண்டும், லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் குறைவாக இளைத்தவர்களுக்கும் கொஞ்சம் ஏறியது.

ஊசி உண்மையான சுரப்பிக் கோளாறுக்கு வரப்பிரசாதம். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்: வெளியிலிருந்து வந்தால் உள்ளே உற்பத்தி நின்றுபோகும், விந்தணுவும் குறையும்.

பார்க்கில் நாலு சுற்று நடந்துவிட்டு வாசலில் போண்டா சாப்பிடுபவர்களுக்குத் தொப்பை அப்படியேதான் இருக்கும். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். அதைப் பிடித்துவைக்க வாரம் இரண்டு நாளாவது தண்டால், பஸ்கி, எடை தூக்கல் வேண்டும்.

தூக்கமும் கணக்கில் உண்டு. சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் தினம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள்; பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் சரிந்தது. உங்கள் குறட்டை எப்படி, நடுவில் மூச்சு நிற்கிறதா என்பது பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் இழுப்பதை அவர் நேராகச் சொல்லிவிடுவார்.