கடைக்கண்ணுக்கு மட்டும் தெரியும் விண்மீன் மண்டலங்கள்

என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சனிக் கோளின் வளையத்தைக் கண்டு வியந்த நண்பர்கள், அடுத்து நான் காட்டிய விண்மீன் மண்டலத்தைப் பார்த்துவிட்டு, “இங்கே ஒன்றுமே இல்லையே” என்றனர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. புகைப்படங்களில் நீலமும் சிவப்புமாக ஒளிரும் விண்மீன் மண்டலங்கள், எளிய தொலைநோக்கியில் கண்ணாடிமேல் படிந்த மூச்சுக்காற்றின் ஈரம்போலத்தான் தெரியும். பல நேரங்களில் அதுவும் தெரியாது.

இன்னும் பெரிய தொலைநோக்கி வாங்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. விண்மீன் என்பது ஒரு புள்ளி. எட்டு அங்குல ஆடி, இருளில் அகன்று விரிந்த கண்பாவையைவிடச் சுமார் 800 மடங்கு ஒளியைத் திரட்டி அந்தப் புள்ளியிலேயே குவிக்கிறது. ஆகவே, நகரத்து வானில்கூடப் புதிய விண்மீன்கள் பளிச்சிடுகின்றன. விண்மீன் மண்டலமோ விரிந்து கிடக்கும் ஒளித்திட்டு. திரட்டிய ஒளியை உருப்பெருக்கம் பரப்பிவிடுகிறது. எந்தத் தொலைநோக்கியும் அத்திட்டைப் பெரிதாக்குமே தவிர, அதன் பரப்பு வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாவதில்லை. பெரிதாவதும் ஓர் உதவிதான். மங்கிய உருவம் பெரிதாக இருந்தால் மூளை அதை எளிதில் பிரித்தறியும். ஆனால், பின்னணி வானின் வெளிச்சமும் கூடவே வருகிறது. சாணம் மெழுகிய வாசலில் இட்ட கோலம் தெருமுனைவரை தெரியும். அதே கோலத்தை வெளிறிய சிமென்ட் தரையில் இட்டால் அருகில் சென்றுதான் பார்க்க வேண்டும். மாவு குறைந்துவிடவில்லை, தரைதான் வெளுத்துவிட்டது.

முக்கோண விண்மீன் கூட்டத்திலுள்ள எம்33 இதற்குச் சரியான சான்று. ஏறத்தாழ 27 லட்சம் ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள அது, அண்டை வீடு என்றே சொல்லத்தக்கது. அதன் மொத்த ஒளியும் ஒரு புள்ளியாகத் திரண்டிருந்தால், இருண்ட கிராமத்து வானில் வெறும் கண்ணுக்கே தெரியும். அது முழுநிலவின் அகலத்தைப்போல் இருமடங்குக்கு மேல் நீண்டு கிடப்பதால், சென்னையில் என் மொட்டை மாடியிலிருந்து ஒருமுறைகூட அதைக் கண்டதில்லை.

இருண்ட வானம் கிடைத்த பிறகும் கண்ணைப் பழக்க வேண்டும். அரை மணி நேரம் இருளில் இருந்தால்தான் விழித்திரையின் குச்சி செல்கள் முழு உணர்திறன் பெறும். கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். பார்வையின் நடுமையத்தில் குச்சி செல்களே இல்லை. அதனால், நேராக உற்றுப் பார்த்தால் மண்டலம் மறைந்துவிடும். சற்றே விலகி, கடைக்கண்ணால் பார்த்தால் மெல்லத் திரும்பி வரும். 1845இல் அயர்லாந்தின் பிர் நகரில், ராஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியின் வழியே எம்51 மண்டலத்தின் சுருள் வடிவைக் கண்டு கையால் வரைந்தார். புகைப்படத் தட்டு உதவாத காலம் அது. நல்ல இருளும் பொறுமையும் வாய்த்தால், எட்டு அங்குலத்திலும் அச்சுருளின் சாயலை உணரலாம்.

அந்த இருளைத் தேடித்தான் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜவ்வாது மலைப் பக்கம் போகிறேன். வைணு பாப்பு காவலூரில் ஆய்வகம் அமைத்ததும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே செயல்படத் தொடங்கியதும் இந்த மலையில்தான். லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கோ, அடிவாரத்து ஊர்களின் கூட்டுச் சாலைகளில் உயர்கோபுர மின்விளக்குகள் பெருகிவருகின்றன.

விளக்குகளே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கடைசிப் பேருந்தில் வந்திறங்கித் தனியே நடக்கும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால், அவர் நடப்பது தரையில். பக்கவாட்டிலும் மேலேயும் சிதறும் ஒளி அவருக்கும் பயன்படுவதில்லை, கண்ணைத்தான் கூசச் செய்கிறது. ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் மூடியும், நீலம் கலந்த வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் ஒளியும் போதும். நீல ஒளியே காற்றில் அதிகம் சிதறுகிறது.

இந்த ஜனவரியில், வழக்கமான இடத்தை விட்டு, விளக்கை மறைக்கும் ஒரு புளியமரத்தின் பின்னால் தொலைநோக்கியை நிறுத்தினேன். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினேன். ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் நடுப்பகுதி தெரிந்தது. எம்33 தெரியவில்லை.