வில்லுக்கு ஒரு துணை

நம் பாட்டனார் காலத்து வில்வண்டியை நண்பர்களில் சிலர் பார்த்திருக்கலாம். மற்றவர்கள் கேள்வியாவது பட்டிருப்பார்கள். இரும்புப் பட்டைகளை அடுக்கி வில்போல் வளைத்து, அதன்மேல் கூண்டை ஏற்றியிருந்ததால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அந்த வில்லுக்கு வேலை ஒன்றே: பாரத்தைத் தாங்கிக் குலுக்கலைக் குறைப்பது. இழுப்பது மாட்டின் பொறுப்பு. சக்கரமோ சும்மா உருண்டு வரும்.

இன்று நம் தெருக்களில் ஓடும் பிக்கப் வண்டிகள் பலவற்றின் பின்புறத்திலும் அதே வில்தான் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதைக் கமான் பட்டை என்பார்கள். ஆனால் இங்கே மாடு இல்லை. பின்சக்கரமே தரையை உதைத்து வண்டியைத் தள்ளுகிறது. ஆகவே வில்லின் தலையில் இரண்டாவது வேலை ஒன்றும் விழுந்துவிட்டது. அந்த வேலை என்ன, அதில் வில்லுக்குத் துணை வருவது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. மர்பி டவுனில் எங்கள் தெருவிலே கற்றேன். அங்கே ஓர் அண்ணன் பழைய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிவந்து பிழைக்கிறார். "தம்பி, பாரத்தோட மேட்டிலே எடுத்தா பின்னாலே தடதடன்னு உதைக்குது" என்றார் ஒரு நாள். ஒரு பட்டறையில் காட்டினார். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கனமான இரும்புக் குழாயொன்றை வைத்து, இரு முனையையும் பற்றவைத்து அனுப்பினார்கள். உதைப்பு நின்றது. மூன்றாம் வாரம், விடியற்காலையில், பழைய மதராஸ் சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அந்தக் குழாய் சேஸிஸின் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. தக்காளி சந்தைக்குப் போனபோது விற்பனை முடிந்திருந்தது. வாடகையும் போயிற்று, சரக்குக்காரரின் நம்பிக்கையும் போயிற்று. இரும்பு குறைந்ததால் வந்த தவறன்று இது. இயக்கம் அறியாததால் வந்தது.

அந்த இயக்கத்தைப் பார்ப்போம். ஓர் எஞ்சினின் முறுக்கு விசை 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது நான்கு மடங்கும், டிஃபரன்ஷியலில் மேலும் நான்கு மடங்கும் பெருகினால், உராய்வு இழப்பை நீக்கிப் பார்க்க, அச்சில் 3200 நியூட்டன் மீட்டர் ஆகிறது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்பது நியூட்டன் விதி அல்லவா? சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சுக்கூடு பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது. டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழுகிறது. அதைத் தடுக்க வேண்டிய வில் பாம்புபோல் நெளிகிறது. ஓர் எல்லையில் டயரின் பிடி விடுகிறது. வில் படீரென்று நிமிர்கிறது. டயர் மறுபடி பிடிக்கிறது. வில் மறுபடி நெளிகிறது. இதுவே அண்ணன் கேட்ட தடதடப்பு. நாளடைவில் பட்டை ஒடியும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேயும்.

டிராக்ஷன் பார் என்னும் இழுவைத் தண்டு, இந்தத் திருகலை வில்லிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. இரு வகைகளை அறிந்தால் போதும். முதல் வகையில், தண்டு அச்சோடு சேர்த்து யூ போல்டால் வில்லின் கீழே இறுக்கப்படும். அதன் முன்முனையில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். அச்சு திருகும்போது ரப்பர் வில்லின் முன்கண்ணுக்குக் கீழே முட்டித் தடுக்கும். இரண்டாம் வகையில், தண்டின் பின்முனை அச்சில் உறுதியாக நிற்க, முன்முனை ஒரு சிறு ஷாக்கிள் வழியாகச் சேஸிஸில் தொங்கும்.

அந்த ஷாக்கிள் எதற்கு? வில் அமுங்கும்போது நீள்கிறது. அச்சு தனக்கென ஒரு வளைவில் நகர்கிறது. தண்டோ வேறொரு வளைவில் ஆட விரும்புகிறது. இந்த வேற்றுமையை ஷாக்கிள் ஊசலாடி ஏற்கிறது. இரு முனையையும் பற்றவைத்துவிட்டால் வேற்றுமைக்கு இடமில்லை. ஏதாவதொன்று கிழிய வேண்டியதுதான்.

இனி பொருத்தும் முறை. முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள். ஒடிந்த பட்டை, தளர்ந்த யூ போல்ட், தேய்ந்த புஷ், கிளச்சின் கோளாறு ஆகியவையும் இதேபோல் உதைக்கும். அவற்றைச் சரிசெய்யாமல் தண்டு மாட்டுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வை போர்த்துவதாகும்.

அளவெடுக்கும்போது வண்டி சமதரையில், தன் சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியில் அச்சைத் தொங்கவிட்டு எடுத்த அளவு பயன்படாது. ரப்பர் வகையானால், ரப்பர் வில்லின் நடுவில் முட்டாமல் முன்கண்ணின் நேர்கீழே வரவேண்டும். வழக்கமான பாரத்தை ஏற்றியபின் சுமார் அரை அங்குல இடைவெளி இருக்கட்டும். பாரம் ஏற ஏற வில் தட்டையாகி இடைவெளி குறையும் என்பதை மறவாதீர்கள். நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் வலப்பக்கத்தை மட்டும் நெருக்கி வைப்பதுண்டு. சுமை வண்டிக்கு இருபுறமும் சமமாக இருப்பதே நன்று.

ஷாக்கிள் வகையானால், முன்போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். கடப்பாரையால் நெம்பித்தான் நுழைகிறதென்றால், தண்டு இப்போதே வண்டியைத் தாங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஷாக்கிள் இருபுறமும் ஆட இடம் வேண்டும். முன் தாங்கியிலிருந்து அச்சு வரை இருபக்கத் தூரமும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபுறமாக இழுக்கும். பின்னர் ஜாக்கியால் அச்சை ஏற்றி இறக்கி, பிரேக் குழாய், கைப்பிரேக் கம்பி, புகைக்குழாய் எதிலும் தண்டு உரசவில்லையெனப் பாருங்கள். ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கடியில் தலையை நுழைக்காதீர்கள். வில்லின்மேல் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். யூ போல்டுகளைக் குறுக்கு முறையில் இறுக்கி, முதல் பார ஓட்டத்திற்குப் பின் மறுபடியும் இறுக்குங்கள்.

அண்ணன் வண்டிக்குச் சேஸிஸைச் செப்பனிட்டு, ஷாக்கிளோடு கூடிய தண்டைப் பொருத்தினோம். போல்ட் கையால் நுழைந்தபோது அவர் நம்பவில்லை, "இவ்வளவு லேசா இருந்தா தாங்குமா தம்பி?" என்றார். மறுநாள் பாரத்தோடு மேடேறி வந்தபின் அந்தக் கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை.

நல்ல துணை என்பது, வேண்டாதபோது விலகி நிற்பதும், வேண்டும்போது தாங்கி நிற்பதுமாகும். வில்லுக்கும் அப்படித்தான்.