பழைய அம்பாசடரின் ‘டொக்’ ஓசை

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. எனினும் அவ்வண்டியைத் தேடி வாங்குவோரும், தந்தை விட்டுச்சென்றதைப் பேணுவோரும் இன்றும் உள்ளனர். கிளட்சை விடும்போது அடியிலிருந்து எழும் ‘டொக்’ என்னும் ஓசை அவர்களைக் கலங்கச் செய்கிறது. “கியர்பாக்ஸ் போய்விட்டது” என்ற தீர்ப்பும் உடனே கிடைத்துவிடும். அதை நம்பிச் சேமிப்பில் கைவைக்குமுன் சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகிறோம்.

இவ்வண்டியில் எஞ்சின் முன்னே, உந்துபவை பின்சக்கரங்கள். இடையே சுழலும் நீண்ட தண்டின் இரு முனைகளிலும் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை வடிவ இணைப்புகள் உண்டு. அவற்றினுள் ஊசி போன்ற நுண்ணுருளைகள் உள்ளன. கிரீஸ் வற்றினால் அவை தேய்ந்து இடைவெளி விழும். விசை திசைமாறும்போதெல்லாம் ஒரு தட்டல் கேட்கும்.

சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் தண்டைக் கையால் இருபுறமும் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். கிராஸின் ஒரு பக்கம் அசைந்தபின் மறுபக்கம் தாமதித்து அசைந்தால் குற்றவாளி அதுவே. இரண்டும் ஒன்றாய் அசைந்து, பின் அச்சினுள் தட்டல் கேட்டால் அது கிரவுன்-பினியன் பல்லிடைவெளி. சிறிதளவு இருப்பது இயல்பே. பின்பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட் தளர்ந்தாலும் இதே ஓசைதான். வியப்பென்னவெனில், பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை!

கிராஸை மாற்றும் செலவு கியர்பாக்ஸைப் பிரிப்பதைவிட மிகக் குறைவு. தள்ளிப்போட்டாலோ, ஓட்டத்தில் முன்முனை முறிந்து தண்டு சாலையில் ஊன்றக்கூடும். ஓசையோடு அதிர்வும் சேர்ந்துவிட்டால் வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். மெக்கானிக்கை வண்டியிருக்கும் இடத்திற்கே வரவழையுங்கள்.