மல்லாட்டையோடு கப்பலேறிய காற்று

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை (நிலக்கடலை), புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பிரான்சின் மார்செய்ல் நகருக்குப் போனது. அங்கே எண்ணெயானது, சோப்பானது. அந்த மூட்டைகளோடு நம் ஊர்க் காற்றும் சேர்ந்து போயிற்று என்பேன்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அது இல்லாமல் புரதம் கிடையாது. ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் நெல்லாலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது, நம்மாலும் முடியாது. மின்னல் கொஞ்சம் உடைக்கிறது. இயற்கையில் மீதி வேலையெல்லாம் நுண்ணுயிர்களுடையது. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகளவு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. செடி சர்க்கரை கொடுக்கிறது. முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தருகிறது. கடலோரத்தில் சவுக்கு வெறும் மணலிலும் தழைப்பதற்கு இப்படியொரு கூட்டுதான் காரணம். அங்கே குடியிருப்பது பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்.

ஒரு டன் மல்லாட்டைப் பருப்பில் ஏறக்குறைய 40 கிலோ நைட்ரஜன் உண்டு. எண்ணெயில் அது இறங்குவதில்லை, புண்ணாக்கில் தங்கிவிடும். உள்ளூர்ச் செக்கில் ஆட்டியிருந்தால் புண்ணாக்கு மாட்டுக்கும், சாணம் வயலுக்கும் போயிருக்கும். பருப்பாகவே கப்பலேறியதால் நம் மண்ணுக்குத் திரும்ப வேண்டியது பிரான்சிலேயே நின்றுவிட்டது.

சாணமும் தழையும் மட்கும்போது வரும் அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. இது வெறும் ரசாயன மாற்றமன்று, உயிர்களின் வேலை என்று 1877-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஷ்லோசிங்கும் முன்ட்சும் நிறுவினார்கள். கழிவுநீரை மணல் வழியே மெல்லக் கசியவிட்டார்கள். சில வாரங்களில் நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவி பட்டதும் நின்றது. எவ்வளவு எளிய சோதனை!

இனி புதுச்சேரியின் பாகூர் நெல்வயலுக்கு வருவோம். தண்ணீர் நிற்கும் வயலில் மேலே சில மில்லிமீட்டர் மண்ணில்தான் பிராணவாயு இருக்கும். அங்கே உண்டாகும் நைட்ரேட், கீழே காற்றில்லாச் சேற்றுக்கு இறங்கியதும் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். நைட்ரஜனின் சுழற்சி இப்படித்தான் நிறைவடைகிறது. உழவருக்கோ அது நட்டம். நெல்லுக்குப் போடும் யூரியாவில் பாதிக்குமேல் பெரும்பாலும் பயிருக்குச் சேர்வதில்லை. ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறக்கிறது, ஒரு பங்கு சேற்றிலிருந்து வாயுவாகிப் போகிறது, இன்னொரு பங்கு நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரவிதி. யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதை 2015-இல் அரசு கட்டாயமாக்கியதற்கு இந்த நைட்ரஜன் இழப்பைக் குறைப்பதும் ஒரு காரணம்; பூச்சு மட்டும் போதாது.

பாகூர்ப் பக்கத்து உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். யூரியாவை ஒரே தடவையில் வீசாமல் பிரித்துப் போடுங்கள். நெல் அறுத்த நிலத்தில் உளுந்து போட்டால், செடியைப் பிடுங்காமல் அரிவாளால் அறுங்கள். முடிச்சோடு வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.